மில்லிமீட்டர் அண்ணனின் பெல்பர்ரா

போன வாரம் டி.வி. விற்கிற கடை ஒன்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு உள்ளே வரிசையாக மாட்டிவைத்த அத்தனை திரைகளிலும் ஒரே பறவை. தடித்த அலகு, தலைக்கு மீறிய கர்வம். திடீரென்று கழுத்தை மேலே தூக்கிச் சிரித்தது. முதலில் ஒரு கனைப்பு, அப்புறம் குரங்குச் சண்டை, அப்புறம் சீட்டாட்டத்தில் தோற்றவனைப் பார்த்து மற்ற மூன்று பேர் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. தெருவில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் மட்டும் பையைக் கீழே வைத்துவிட்டு, ஆளில்லாத காற்றைப் பார்த்து, "எத்தனை மில்லி?" என்று கேட்டேன்.

உலகத்தில் பலர் பிறந்த ஊரையே சரியாகப் பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஒருநாள்கூடக் கால் வைக்காத ஊரைச் சந்து சந்தாக அறிந்து, அதற்காக மூன்று வேளையும் கவலைப்பட்ட மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அந்த ஊர் பெல்பர்ரா. ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரத்தின் கிழக்கு ஓரம், மலைச் சரிவு தொடங்குகிற இடத்தில் ஒரு புறநகர். மனிதர் இருந்தது போடிநாயக்கனூரில், என் வாடகை வீட்டுக்கு எதிர்வீட்டில். மதுரைக்குக் கிழக்கே அவர் போனதில்லை. அவரை எல்லாரும் மில்லிமீட்டர் என்றுதான் அழைத்தார்கள். தபால்காரரும் அப்படித்தான்.

பெயர் வந்த கதை எளிது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் முப்பத்தைந்து வருசம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஆள்களுக்கு ஆஜர் போடுவது போக, அவருக்கு இரண்டு சோலி. ஒன்று, காய்ந்த ஏலக்காயைச் சல்லடையில் போட்டு எட்டு மில்லி, ஏழு மில்லி என்று தரம் பிரிப்பது. இன்னொன்று, தினமும் காலையில் மழை அளந்து எழுதுவது. காயும் மில்லிமீட்டர், மழையும் மில்லிமீட்டர். மனிதரும் அதுவாகிப்போனார்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மலைக்கு மேலே ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி. காலை எட்டரைக்குள் ஐந்து இடத்திலிருந்தும் அளவு வந்துவிட வேண்டும். மழையே பெய்யவில்லை என்றாலும் 'இல்லை' என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கீழே இருந்து ஜீப்பு கிளம்பிவிடும். கேள்வி கிடையாது, யோசனை கிடையாது.

"பத்துக்கு ஒம்பது தடவ அளக்குறவன் குடிச்சுட்டுக் கெடப்பான் தம்பி" என்பார். "போயி ரெண்டு வசவு வஞ்சுட்டு வருவேன். பத்தாவது தடவ போனப்ப, பாதையே இல்ல. மலை எறங்கி ரோட்டுல உக்காந்திருக்கு. அங்கிட்டு கூலியாளுக லயத்துல பதினோரு பேரு கட்டில் மேல ஏறி நிக்கிறாங்க. வீட்டுக்குள்ள இடுப்பளவு சேறு. அன்னைக்கி ஜீப்பு போகலைண்டா?"

கேட்டுவிட்டு, எதிரே இருப்பவரின் வீட்டு கேஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று விசாரிப்பார்.

கவலை அவருக்கு ஒரு உத்தியோகம். பஸ்சு ஏறினால் டிரைவரிடம் போய், "பிரேக்கு பாத்தீகளா அப்பு?" என்பார். மலைப்பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, வண்டியைத் தானே திருப்புவதுபோல் உடம்பை வளைப்பார். மனைவி காலமான பிறகு அந்தக் கவலை முழுவதும் ஒரே இடத்தில் குவிந்தது. ஒரே மகள் சுகந்தி, பெல்பர்ராவில். மருமகன் சுரங்க வேலை. மூன்று வாரம் பாலைவனத்தில், ஒரு வாரம் வீட்டில். மீதி நாளெல்லாம் அந்தப் பெண் தனியாக. இவர் போய்க் கூட இருக்கலாம்தான். ஆனால் ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் அட்டை மூன்றிலும் மூன்று விதமான வயது. ஒன்றின்படி அவர் சொந்த அண்ணனுக்கே அண்ணன். பாஸ்போர்ட் ஆபீசில் அவருடைய மனு போய்ப் போய்த் திரும்பி வந்தது.

எனவே போன். நாளைக்கு ஒன்பது தடவை.

"ஆத்தா, கதவு தாப்பா போட்டியா?"

"இங்க மத்தியானம்ப்பா."

"மத்தியானத்துல களவாணி வரமாட்டானா?"

தாங்கமுடியாமல் சுகந்தி ஒரு காரியம் செய்தாள். பெல்பர்ராவாசிகள் செல்போனில் நடத்துகிற ஊர்க்குழு ஒன்றில் அப்பாவையும் சேர்த்துவிட்டாள். "எங்க ஏரியாவுல என்ன நடந்தாலும் இதுல வந்துரும்ப்பா. பாத்துக்கங்க. எனக்கு மீட்டிங் இருக்கு." எழுத்தைத் தமிழாக்கிக் காட்டுகிற வசதியைச் செல்போன் கடைக்காரர் போட்டுக்கொடுத்தார். மகளின் நினைப்பில் அது ஒரு கதவைச் சாத்துவது. இவருக்கோ ஒரு ஊரே திறந்துவிட்டது.

எங்கள் தெருமுனையில் பாண்டியின் டீக்கடை. விடிகாலை நாலு மணிக்கே கூட்டம். தோட்ட வேலைக்கு மேலே போகிற பெண்களும் ஆண்களும் ஜீப்புக்காகக் காத்து நிற்பார்கள். தூக்குவாளி, மழைக்கோட்டு, கொட்டாவி. அந்த நேரத்தில் மில்லிமீட்டர் அண்ணன் போனும் கையுமாக வந்து பெஞ்சின் நடுவில் உட்காருவார். அங்கே அப்போது காலை எட்டு, ஒன்பது. பெல்பர்ரா விழித்து வேலையைத் தொடங்கியிருக்கும்.

"பதினேழாம் நம்பர்க்காரன் மஞ்ச மூடிக் குப்பைத்தொட்டிய வெளிய வச்சுட்டான்" என்பார், முகம் வெளிறி.

"வச்சா வச்சுட்டுப் போறான். என்னண்ணே இப்ப?" என்பான் பாண்டி.

"என்னவா? இது பச்சை மூடி வாரம்டா!"

ஜீப்பு வருவதற்குள் பதினேழாம் நம்பர்க்காரன் செய்தது சரியா தப்பா என்று இரண்டு கட்சி பிரிந்துவிடும். காய் பொறுக்குகிற ஈஸ்வரியக்கா எப்போதும் பதினேழின் பக்கம். "பாவம், பொண்டாட்டி ஊருக்குப் போயிருப்பா. ஆம்பளைக்கு எந்தக் குப்பை எதுலண்டு என்னா தெரியும்?"

குழுவில் பூனை காணவில்லை என்று படம் வந்தால், இவர் அதைக் கடையில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் காட்டுவார். "இங்கிட்டு வராதுண்ணே" என்றால் கோபம் வரும். "வராதுண்டு நீ கண்டியா? பாத்தா சொல்லு, அவ்வளவுதான்." ஒருநாள் யாரோ, 'இப்போது பெரிய வெடிச்சத்தம் கேட்டதே, உங்களுக்கும் கேட்டதா?' என்று எழுதியிருந்தார்கள். மில்லிமீட்டர் அண்ணன் வாசலுக்கு வந்து இரண்டு பக்கமும் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, பொறுப்பாகப் பதில் போட்டார்: 'போடிநாயக்கனூரில் கேட்கவில்லை.'

பெல்பர்ராவின் சரித்திரம் எங்களுக்குத் தெரிந்ததும் இப்படித்தான். குழுவில் அவ்வப்போது பழைய படங்கள் போடுவார்கள். அவர் அவற்றை நாள்கணக்காக உற்றுப் பார்த்துக் கோர்த்துவிடுவார். ஆதியில் ஓடைக்கரையில் அந்த மண்ணின் சனம் இருந்தது. "நம்ம மலையில முதுவர் இல்லையா, அது மாதிரி. காடு அவங்களுது." பிறகு மரம் வெட்ட வந்தார்கள். வெட்டிய இடத்தில் ஆப்பிள் தோட்டம் போட்டார்கள். இத்தாலிக்காரர்கள் வந்து தக்காளி போட்டார்கள். செங்கல் சூளை வந்தது, ரயில் வந்தது, தோட்டத்தைத் துண்டு போட்டு வீடு கட்டினார்கள். ஆப்பிள் மரம் ஒன்றுகூட இல்லை. 'பழத்தோட்டச் சாலை' என்று பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. இப்போது வியட்நாம்காரர் ரொட்டிக்கடை, பஞ்சாபிக்காரர் மருந்துக்கடை, சுகந்தி.

"காடு, தோட்டம், பிளாட்டு" என்று மூன்று விரலை மடக்குவார். "அம்புட்டுத்தான். இங்க ரெண்டாவது வெரல்ல நிக்கிறோம்."

ஜீப்புக்கு நிற்கிறவர்கள் மலையைத் திரும்பிப் பார்ப்பார்கள். இருட்டில் அது ஒரு கறுப்புத் திட்டு; நடுவில் புதிதாக வந்த சொகுசு விடுதிகளின் விளக்குகள்.

"நம்ம போடி சரித்திரம் தெரியுமாண்ணே ஒங்களுக்கு?" என்று பாண்டி ஒருநாள் மடக்கினான்.

"அது எதுக்குடா? இங்கதான இருக்கு, ஓடியா போயிரும்?"

பெல்பர்ராவில் ஒரு பழைய ஊர்க்கூடம் உண்டு. ஆப்பிள் பறித்தவர்கள் கூடிக் கட்டியது. கல்யாணம், ஓட்டுப்பதிவு, சனிக்கிழமைச் சந்தை எல்லாம் அங்கேதான். அதன் கதவுக்கு நீலம் அடிப்பதா பச்சை அடிப்பதா என்று குழுவில் ஓட்டெடுப்பு வைத்தார்கள். ஊர் இரண்டுபட்டது. ஏலக்காய்க்காரர் வேறென்ன நிறத்துக்குப் போடுவார்? ஒரே ஓட்டில் பச்சை ஜெயித்தது. மெல்போர்னின் கிழக்கு ஓரத்தில் ஒரு கதவு இன்று பச்சையாக இருப்பது போடிநாயக்கனூர் டீக்கடை பெஞ்சினால் என்பதை வரலாறு எழுதுகிறவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

இதெல்லாம் வேடிக்கை. அவரை அந்த ஊரோடு கட்டிப்போட்டது ஒரு கிழவி.

ஐரீன். எண்பதைத் தாண்டியவள். சுகந்தி வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித் தனியாக இருந்தாள். ஆப்பிள் தோட்டக்காரர் ஒருவரின் மகள். அப்பா கொல்லையில் நட்டுவைத்த மழைமானியை, அவர் போன பிறகும் தினமும் காலை ஒன்பது மணிக்கு அளந்து, குழுவில் ஒரு வரி போடுவாள். நமக்கு அப்போது நாலரை. மில்லிமீட்டர் அண்ணனின் போனில் அவள் வரிக்கு மட்டும் தனி மணியோசை. அந்தச் சிரிக்கிற பறவை. பெல்பர்ரா மரங்களில் சிரிப்பதைச் சுகந்தி பதிவுசெய்து அனுப்பியிருந்தாள். முதல் நாள் அது சிரித்தபோது குரங்கு புகுந்துவிட்டது என்று ஈஸ்வரியக்கா விளக்குமாற்றோடு ஓடிவந்தாள்.

'பன்னிரண்டு மில்லி. நத்தைகளுக்குக் கொண்டாட்டம்' என்று ஐரீன் எழுதியிருப்பாள். எட்டரைக்குத் தோட்டத்துக்குப் போன் போட்டு அளவு கேட்டுக்கொண்டு இவர் பதில் போடுவார்: 'முப்பத்தெட்டு. அட்டைகளுக்குக் கொண்டாட்டம்.' அவ்வளவுதான் பேச்சு. உங்கள் பெயர் என்ன, எத்தனை பிள்ளைகள், உடம்புக்கு எப்படி, எதுவும் கிடையாது. அங்கே இவ்வளவு பெய்தது, இங்கே இவ்வளவு. மூன்று வருசமாக ஒருநாள் தவறியதில்லை. எங்கள் தெருவுக்கு அவள் ஐரீனக்கா ஆகிவிட்டாள்.

நான் சொல்லவந்தது ஒரு ஆடி மாதத்தில் நடந்தது.

ஒரு வியாழக்கிழமை, நாலரைக்குப் பறவை சிரிக்கவில்லை. மில்லிமீட்டர் அண்ணன் போனைத் தட்டிப் பார்த்தார், அணைத்துப் போட்டார், பாண்டியின் போனிலிருந்து தனக்கே அடித்துப் பார்த்தார். டீ ஆறியது. ஜீப்பு போயிற்று. எட்டரைக்குத் தோட்டத்து அளவை அவர் முதலாவதாகப் போட்டார். பதில் வர வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமையும் சிரிக்கவில்லை.

"கெழவிக்கு மறந்திருக்கும்ணே" என்றான் பாண்டி.

"மழை மறக்குமாடா?"

அவர் குளிக்கவில்லை. மழித்துக்கொள்ளவில்லை. தெருவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தார். பிறகு என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, ஒங்க இங்கிலீஸ்ல ஒண்ணு எழுதிக் குடுங்க. மிஷினு எழுதுறத நம்ப முடியல." ஐரீனை யாராவது போய்ப் பார்க்க முடியுமா என்று பணிவாக எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். திருப்தி இல்லை. "பாதை சரியில்லைண்டா ஜீப்பு அனுப்பச் சொல்லுங்க."

"அண்ணே, அங்க தார் ரோடு."

"சேர்த்துக்கங்க தம்பி."

சேர்த்தேன். பெல்பர்ராவாசிகள் சிரிக்கிற முகங்களைப் போட்டார்கள். 'எந்தப் பாதை?' என்று ஒருவர் கேட்டார். 'இவர் நம்ம போடி மழைக்காரர்' என்று இன்னொருவர் அறிமுகம் செய்தார். கடைசியாகக் குழுவை நடத்துகிறவர் எழுதினார்: ஐரீன் தனிமையை விரும்புகிறவர், எங்காவது போயிருப்பார், கவலை வேண்டாம். கவலை வேண்டாம் என்று மில்லிமீட்டர் அண்ணனிடம் சொல்வது, மீனிடம் நீ கொஞ்சம் நீந்தாமல் இரு என்று சொல்வது.

அன்று மாலை என் முன்னால்தான் சுகந்திக்குப் போன் போட்டார்.

"ஆத்தா, ஒரு எட்டு போயி ஐரீனக்கா கதவத் தட்டிப் பாத்துட்டு வா."

"அப்பா, இங்க சும்மா போயி யாரு வீட்டுக் கதவையும் தட்டக்கூடாதுப்பா. தப்பா நினைப்பாங்க. போன் பண்ணிட்டுத்தான் போகணும்."

"போன் பண்ணு."

"நம்பர் தெரியாது."

"மூணு வருசம். நாலு வீடு. நம்பரு தெரியாது."

"நான் அவங்ககிட்டப் பேசினதே இல்லப்பா. இங்க யார்கிட்டயுமே..."

இவர் மிக மெதுவாக, "சரி, சன்னல் வழியாப் பாரு. அவங்க தொட்டி வெளிய நிக்கிதா?" என்றார்.

நடக்கிற சத்தம். திரை விலகுகிற சத்தம். "நிக்கிதுப்பா. செவப்பு மூடி."

"செவப்பு வியாழக்கெழம காலையில எடுக்குறது. இன்னைக்கி வெள்ளி பொழுதே சாஞ்சிருச்சு. ஐரீனக்கா தொட்டிய ஒருநாளும் ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய விட்டதில்லைண்டு குரூப்பே சொல்லும்."

"அப்பா, நான் மாசமா இருக்கேன். இந்தக் குளிருல, இருட்டுல, தெரியாத வீட்டுல போயி... காலையில பாக்குறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். முகத்தில் வழக்கமான கவலை இல்லை. அதற்குக் கீழே வேறொன்று இருந்திருக்கிறது. அதை அன்றுதான் பார்த்தேன்.

"ஏழு மாசம் தம்பி அவளுக்கு. அந்தப் பய பாலைவனத்துல கெடக்கான். நாளைக்கி இவ ஒருநாள் வழுக்கி விழுந்துட்டாண்டு வச்சுக்கங்க. மூணு வருசமா மழை சொன்ன கெழவி கதவையே தட்ட ஆளில்லாத தெருவுல, எம் மக கதவ யாரு தட்டுவா?"

இத்தனை நாளாக நாங்கள் டீக்கடையில் சிரித்ததெல்லாம் இந்த ஒரு கேள்வியின் வாசலில் நின்றுதான் என்பது உறைத்தது.

சனிக்கிழமை. அங்கே மதியம் ஒன்றரை, இங்கே காலை ஒன்பது. சுகந்தி ஒருவழியாகப் படக்காட்சியோடு போனில் வந்தாள். "கிளம்பிட்டேன். ஆனா நீங்க கூடவே வரணும்." மில்லிமீட்டர் அண்ணன் போனை டீக்கடைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்தார். பாண்டி அடுப்பைக் குறைத்தான். ஏலக்காய் பொறுக்குகிற பேட்டைக்குக் கிளம்பிய ஈஸ்வரியக்கா பாதியில் திரும்பி வந்தாள். தலைகள் தலைகளை முட்டின.

முதல்முறையாகப் பெல்பர்ரா எங்கள் தெருவுக்குள் வந்தது. ஈரமான சாலை. ஆளே இல்லை. இலை உதிர்ந்த மரங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. "இது நாய் கொரைக்கிற வீடு. இது பூனை தொலைஞ்ச வீடு. அந்தா பதினேழு." ஈஸ்வரியக்கா பதினேழைப் பார்த்துக் கண்கலங்கினாள். இத்தனை நாள் அவனுக்காக வாதாடியிருக்கிறாள்.

சிவப்பு மூடித் தொட்டி. வாசல்.

தட்டினாள். பதில் இல்லை.

"இன்னும் பலமாத் தட்டு!" என்று மொத்தக் கடையும் கத்தியது.

"ஐயோ, கத்தாதீங்க. எல்லாருக்கும் கேக்குது."

"கேக்கட்டும்!" என்றார் அவர். "கேக்கத்தான வேணும்!"

மறுபடி தட்டினாள். பதில் இல்லை. அவர் குரலில் கணக்கப்பிள்ளை வந்துவிட்டார். "பின்னால போ ஆத்தா. மழைமானி கொல்லையிலதான் இருக்கு. பாத்து, பாசி வழுக்கும். செவரப் புடிச்சுக்க. வெரசாப் போகாத. மெல்லப் போ. வெரசாப் போ!"

பக்கவாட்டில் ஒரு மரப்படல். அதைத் தள்ளுகிற சத்தம். புல். ஒரு கம்பத்தின் அடியில் ஏதோ பளபளப்பாக உடைந்து கிடந்தது. சுகந்தி, "அம்மா!" என்று கத்தினாள். படம் சுழன்றது, வானம் தெரிந்தது, அறுந்தது.

மலைப்பக்கம் மழை. சிக்னல் போய்விட்டது.

அந்தப் பத்து நிமிடம் எங்கள் தெருவில் நடந்ததை முழுதாகச் சொல்ல முடியாது. ஐந்து பேர் ஐந்து போனை நீட்டினார்கள். ஐந்திலும் ஒரே பதில். ஈஸ்வரியக்கா போடி சாமிகளை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முடித்து, பெல்பர்ராவில் என்ன சாமி என்று என்னைக் கேட்டாள். மில்லிமீட்டர் அண்ணன் எதிரே நின்ற ஜீப்பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார். டிரைவர் இல்லை, சாவி இல்லை. பக்கத்துச் சீட்டில் அவர் கால் மட்டும் அங்கே இல்லாத ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தது. எங்கே போவதாக நினைத்தார் என்று நான் கேட்டதில்லை.

போன் அடித்தது. பாண்டிதான் எடுத்து, ஜீப்புக்கு ஓடி, அவர் முகத்துக்கு நேரே பிடித்தான்.

திரை முழுக்க ஒரு கிழவி. வெள்ளை முடி, நீலக் கம்பளிச் சட்டை. வலது மணிக்கட்டில் சமையலறைத் துணியைச் சுற்றி, கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்தாள். பின்னால் சுகந்தி நின்று எதையோ முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஐரீன் ஏதோ கேட்டாள். சுகந்தி சிரிப்பும் அழுகையுமாகத் தமிழில் சொன்னாள்: "அப்பா, 'இவருதானா?'ங்கிறாங்க. 'அங்க இன்னைக்கி எவ்வளவு?'ண்டு கேக்குறாங்க."

மில்லிமீட்டர் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாப்பத்தொண்ணு" என்றார்.

ஐரீன் தலையை ஆட்டினாள். நல்ல மழை என்பதுபோல.

வியாழக்கிழமை காலை அளக்கப் போனவள் பாசியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. கையிலிருந்த அளவுக்கண்ணாடி உடைந்துவிட்டது. இந்தச் சின்ன விஷயத்துக்கு யாரையும் தொந்தரவு செய்வதா என்று உள்ளேயே இருந்துவிட்டாள். ஒற்றைக் கையால் தொட்டியை இழுக்க முடியவில்லை. சூப் டப்பாவைத் திறக்க முடியவில்லை. மூன்று நாளாகப் பிஸ்கட். சுகந்தி முறுக்கிக்கொண்டிருந்தது அந்த டப்பாவை. அவள் கத்தியது, சமையலறைச் சன்னலில் திடீரென்று அந்த வெள்ளை முடியைக் கண்டு.

"குரூப்புல ஒரு வரி போட்டிருக்கலாமேண்டு கேளு ஆத்தா."

கேட்டாள். ஐரீன் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். "'கண்ணாடி உடைஞ்சிருச்சு. அளக்காம எப்படிச் சொல்றது?'ங்கிறாங்கப்பா."

மூன்று நாள் தூங்காத மனிதர், மழிக்காத தாடையைத் தடவினார். "சரிதான்" என்றார் கடைசியில். "அளக்காமச் சொல்லக்கூடாதுதான்."

அதற்குப் பிறகு பெல்பர்ராவில் ஒரு சின்ன மாற்றம். சுகந்திதான் ஐரீனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், புது அளவுக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள், கை கூடும்வரை மழையும் அளந்தாள். கை சரியான பிறகு ஐரீன் காலை ஒன்பதுக்கு அளந்துவிட்டு நேரே நடந்துவந்து சுகந்தியின் கதவைத் தட்ட ஆரம்பித்தாள். முன்கூட்டிப் போன் கிடையாது. மில்லிமீட்டர் அண்ணன் மகளுக்குப் போடுகிற போன் ஒன்பதிலிருந்து நாலாகக் குறைந்தது. மிச்சப்பட்ட ஐந்தை எங்கள் தெருவுக்கே செலவழித்தார். நாங்கள்தான் அனுபவித்தோம்.

புரட்டாசியில் ஒருநாள் நாலரைக்குப் பறவை சிரித்தது. ஐரீனின் வரி: 'மழை இல்லை. சுகந்திக்குப் பெண் குழந்தை. இருவரும் சுகம். நேற்றுக் கதவைத் தட்டினேன், வலி ஆரம்பித்திருந்தது, கூட்டிப்போனேன்.' அவர் அதைப் படித்துவிட்டுக் கடையிலிருந்த எல்லாருக்கும் கைநிறைய எட்டு மில்லிக் காயாக அள்ளிக் கொடுத்தார். விஷயத்தை அவர் சொன்ன விதம்: "அங்க மழை இல்லையாம்ப்பா." பெண் பிறந்தது இரண்டாவது தகவல்.

அடுத்த வருசம் எனக்கு மாற்றல் வந்தது. சாமான்கள் லோடு ஏறிப் போய்விட்டன. பஸ்சு நிலையத்துக்கு அவர் வந்தார். டிரைவரிடம் பிரேக்கு விசாரித்தார். என் சீட்டுக்கு மேலே இருந்த பையை இரண்டு தடவை அசைத்துப் பார்த்தார். தண்ணீர் பாட்டில் கொடுத்தார், அது போதாதென்று இன்னொன்று வாங்கப் போனார். பஸ்சு உறுமத் தொடங்கியதும் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். கம்பியைப் பிடித்திருந்த கை விடவில்லை.

"அங்க பக்கத்து வீட்டுக்காரரு பேரு என்னா தம்பி?"

"தெரியாதுண்ணே. இன்னும் வீட்டையே சரியாப் பாக்கல."

"போனதும் மொதச் சோலியா அவரு நம்பர வாங்கி எனக்கு அனுப்புங்க."

"அவரு நம்பர் ஒங்களுக்கு எதுக்குண்ணே?"

பஸ்சு நகர்ந்தது. அவர் கூடவே நாலு எட்டு ஓடிவந்தார்.

"ஒங்களுக்கு ஒண்ணுண்டா நான் யாருக்கு அடிக்கிறது?"